இல்லை என்று சொன்ன திரை

அந்த ரத்தக் கொடையாளர் பதிவகத்தில் எல்லோரும் அவளைச் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் விஷயம் தெரியாமல் அவளிடம் போய்க் காபி கேட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு. அவளும் முகம் சுளிக்காமல், "எத்தனை காபி? சக்கரை தூக்கலா இருக்கணுமா?" என்று கேட்டு அவர்களை இன்னும் கொஞ்சம் அசடு வழிய விடுவாள். அவள் கவனித்துக்கொள்வது கம்ப்யூட்டர் சர்வரை. பதிவகத்தில் இருக்கும் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கொடையாளர்களின் விவரமும், கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு அட்டையாக, அவள் பொறுப்பு. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, இரண்டு திரைகள், ஏசி குளிருக்கு நாற்காலியில் எப்போதும் தொங்கும் ஒரு சால்வை. நாற்பத்துநான்கு வயதில் அதுதான் அவள் ராஜ்ஜியம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. கீழே தொலைபேசிப் பிரிவிலிருந்து டைரி பேசினாள்.

டைரி என்பதும் பட்டப்பெயர்தான். இருபத்தெட்டு வயதுப் பெண். எதைக் கேட்டாலும், எதைப் பார்த்தாலும், நேரத்தைப் போட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாள். மின்விசிறி நின்ற நேரம்கூட அதில் இருக்கும்.

"அக்கா, கொஞ்சம் கீழ வர்றீங்களா? இருக்கிற ஆளை இல்லைன்னு சொல்லுது."

"எது சொல்லுது?"

"உங்க தேடல்தான்."

உங்க என்ற சொல்லில் இருந்த அழுத்தம் சர்வரம்மாவைச் சுருக்கென்று குத்தியது. படிக்கட்டில் இறங்கும்போதே, இந்தப் பெண் இரண்டு வாரத்துக்கு முன் இதே புகாரை மின்னஞ்சலில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் தேடலில் வர நேரமாகிறது என்று எழுதியிருந்தாள். சர்வரம்மா பழைய கொடையாளர் ஒருவரின் பெயரைத் தட்டிப் பார்த்தாள், உடனே வந்தது. "சரிபார்த்தேன். தேடல் ஒழுங்காக வேலை செய்கிறது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு மறந்துபோனாள். நேற்றுகூட டைரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தலைக்கு மேல் வேலை இருந்ததால் அதைத் திறக்கவே இல்லை.

கீழே டைரி ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் கைபேசியுமாக நின்றுகொண்டிருந்தாள். விஷயம் இதுதான். பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையில் அன்று விடியற்காலை குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. இப்போதைக்குக் கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை செய்தே தீர வேண்டும். அதற்கு இரண்டு பை ரத்தம் தயாராக இருக்க வேண்டும். அவளுக்கோ பல்லாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் அபூர்வ வகை. வேறு எந்த ரத்தமும் ஒத்துக்கொள்ளாது. ஒருவரிடமிருந்து ஒரு பைதான் எடுக்க முடியும் என்பதால் இரண்டு பேர் தேவை. பரிசோதனைக்கும் நேரம் வேண்டும். அவர்கள் இரண்டு மணிக்குள் வந்து படுத்தாக வேண்டும்.

"தேடினா ஏழு பேர் வர்றாங்க. மூணு பேர் வெளிநாடு. ரெண்டு பேர் போன மாசம்தான் குடுத்திருக்காங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. இன்னொருத்தர் நம்பரே உபயோகத்துல இல்ல. ஆனா சனிக்கிழமை ஒருத்தர் நேர்ல வந்து பதிஞ்சாரு அக்கா! லிப்ட் மெக்கானிக். நான்தான் பதிஞ்சேன். இதே வகை. அவர் தேடல்ல வரவே மாட்டேங்கறார்."

"அவர் அட்டை நம்பர் இருக்கா?"

டைரி குறிப்பேட்டைப் புரட்டி எண்ணைச் சொன்னாள். சர்வரம்மா அதை நேரடியாகத் தட்டினாள். அட்டை உடனே திறந்தது. பெயர், வயது, ரத்த வகை, எல்லாம் பிசிரில்லாமல் இருந்தன. மறுபடி ரத்த வகையைப் போட்டுத் தேடினாள். அதே ஏழு பேர். மெக்கானிக்கைக் காணோம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அட்டை பத்திரமாக இருக்கிறது, இன்டெக்ஸில்தான் அது ஏறவில்லை. தடித்த புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதுபோல இந்த அட்டைகளைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸும் எந்த ரத்த வகை எந்தெந்த அட்டையில் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். அதுதான் இன்டெக்ஸ். தேடுகிறவருக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் வரும். புது அட்டை சேர்ந்தால் பட்டியலிலும் ஒரு வரி சேர வேண்டும். அது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும் என்றுதான் சர்வரம்மா இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். பட்டியல் பழசாகிக் கிடந்தால் திரை அதை ஒப்புக்கொள்ளாது. இருப்பதைக் காட்டிவிட்டு, இவ்வளவுதான் என்று சாதிக்கும்.

"மெக்கானிக்குக்குப் போன் போட்டியா?"

"பத்தரைக்கே போட்டேன். ஏழு தடவை. எடுக்கல. அப்புறம் அவர் வீட்டம்மா நம்பர் எழுதி வச்சிருந்தேன், அவங்களைப் பிடிச்சேன். லிப்ட் குழிக்குள்ள வேலையா இருக்காராம், அங்க சிக்னல் இருக்காதாம். 'நீங்க கவலப்படாதீங்கம்மா, நான் போய்க் கையப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்'னாங்க. வந்துட்டிருக்காங்க."

சர்வரம்மாவுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி இரண்டாவது ஆளிடம் இருந்தது.

"சமீபத்துல பதிஞ்சவங்கள்ல இதே வகை வேற யாராச்சும்?"

"நேர்ல வந்தவங்கள்ல இல்லக்கா. இன்டர்நெட்ல பதியறவங்களை நான் பாக்கறதில்லையே. தேடினாத்தானே தெரியும்?"

 சர்வரம்மா தன் அறைக்கு ஓடவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்தாள். முதல் வேலையாக, இன்டெக்ஸைத் தொடாமல் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அட்டைகளையும் ஒன்று விடாமல் புரட்டிப் பார்க்கும்படி ஒரு கட்டளை எழுதினாள். மெதுவாகத்தான் போகும். ஆனால் பொய் சொல்லாது. அரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு அதை ஓடவிட்டாள்.

அந்த அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. இன்டெக்ஸின் நிலையைத் திறந்து பார்த்தாள். அது நின்றுபோயிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். அதுவோ மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஓடிக்கொண்டேயிருக்கிறது, ஆனால் போய்ச் சேரவில்லை.

இன்டெக்ஸை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பொத்தான் இருந்தது. அவள் கை அதன் அருகே போய்விட்டது. பத்தில் ஒன்பது சமயம் அதுதான் சுலபமான வழி.

"அதைச் செஞ்சா என்னாகும்கா?" என்று டைரி எட்டிப் பார்த்தாள்.

"புதுசாக் கட்டும். நாலஞ்சு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்..." சர்வரம்மா கையை எடுத்துக்கொண்டாள். அதுவரைக்கும் ஏழு பேர்கூட வரமாட்டார்கள். வேறு எந்த வகைக்கும் எந்த வார்டிலிருந்து கேட்டாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். "உன் குறிப்பேட்டைக் கொஞ்சம் குடு."

டைரி கொடுத்தாள். இரண்டு வாரக் கணக்கு அதில் இருந்தது. நீல மசியில் பதிவான நேரம், அதன் எதிரே பச்சை மசியில் தேடலில் தென்பட்ட நேரம். காலை பத்து ஐந்துக்குப் பதிந்தவர் பத்து முப்பத்தைந்துக்கு வந்திருந்தார். மதியம் மூன்று மணிக்குப் பதிந்தவர் அடுத்த நிமிடமே வந்திருந்தார். எல்லா நாளும் அப்படித்தான். காலை பத்து மணியிலிருந்து பத்து முப்பத்தைந்து வரைதான் தாமதம், பிறகு ஒன்றுமில்லை. போன வியாழக்கிழமை முதல் கதையே மாறியிருந்தது. வியாழக்கிழமை பதிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் தென்பட்டார்கள். சனிக்கிழமை ஆட்களுக்கு எதிரே பச்சை மசியே இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், "வெள்ளி 4:40, சர்வர் நிறுத்தி எழுப்பப்பட்டது. மாற்றமில்லை" என்றும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சர்வரை நிறுத்தி எழுப்பியது சர்வரம்மாதான், வேறெதற்கோ. அதைக்கூட இவள் கவனித்து எழுதியிருக்கிறாள்.

"காலை பத்து மணிக்கு நாம என்ன பண்றோம்?" என்று சர்வரம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"பத்து மணிக்கா? நினைவூட்டல் செய்தி போகும்ல?" என்றாள் டைரி. "'நீங்கள் மறுபடி ரத்தம் கொடுக்கலாம்'னு. முன்னாடி கொஞ்சம் பேருக்குத்தான் போகும். வியாழக்கிழமையிலேர்ந்து நாம முன்னாடி ரத்ததான முகாம் போட்ட ஒரு தொழிற்சாலை ஆளுங்க எல்லாருக்கும் தினம் அனுப்பறாங்க. அங்க மறுபடி முகாம் நடக்கப் போகுதே."

சர்வரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, இன்டெக்ஸ் இப்போது எந்த அட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாள். ஒரு எண் வந்தது. அரை நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள். அதே எண். இன்னும் அரை நிமிடம். அதே எண்.

அந்த அட்டையைத் திறந்தாள். திரை திணறிக்கொண்டு திறந்தது. அது ஒரு ஆளின் அட்டை அல்ல. அந்தத் தொழிற்சாலையின் ஒன்பதாயிரம் தொழிலாளிகளும் ஒரே அட்டைக்குள் வரிசையாக இருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் முகாம் முடிந்த கையோடு பட்டியல் மொத்தமாக வந்தபோது, "அப்போதைக்கு ஒரே அட்டையில் போட்டுவைப்போம், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்தவர் யார் என்று பார்க்க அவளுக்கு ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. அவளேதான்.

மூன்று நொடிக்கு ஒரு செய்தி போகிறது. ஒவ்வொன்று போனதும் "அனுப்பியாயிற்று" என்று அந்த அட்டையில் ஒரு சொல் மாறுகிறது. ஒரு சொல் மாறினாலும் இன்டெக்ஸ் ஒன்பதாயிரம் பேரையும் முதலிலிருந்து எழுதுகிறது. அதற்கு அரை நிமிடம் பிடிக்கிறது. முன்பு காலையில் அந்த அட்டையில் எழுபது பேருக்குச் செய்தி போனபோது தாமதம் முப்பத்தைந்து நிமிடம். டைரியின் கணக்கு அப்படியே அச்சாக ஒத்துப்போனது. இப்போது தினமும் ஒன்பதாயிரம். ஒன்பதாயிரம் தடவை ஒன்பதாயிரம் வரி என்றால், ஒரு நாளைக்கு எட்டுக் கோடியே பத்து லட்சம் வரிகள். அந்த வரிசைக்குப் பின்னால், பாவம், லிப்ட் மெக்கானிக் சனிக்கிழமையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.

அவள் முதலில் நினைவூட்டல் செய்திகளை நிறுத்தினாள். அதற்குள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நீண்ட தேடல் முடிந்து, திரையில் ஒன்பது பெயர்கள் வந்தன.

ஏழு பழையவர்கள். எட்டாவது மெக்கானிக். ஒன்பதாவது, வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு இன்டர்நெட் மூலம் தானே பதிந்துகொண்ட ஒரு பெண். தொழில், நீச்சல் பயிற்சியாளர்.

"டைரி!" என்று அவள் கத்தியதில் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டைரி அதற்குள் எண்ணைத் தட்டிவிட்டாள். மறுமுனையில் ஒரே தண்ணீர்ச் சத்தமும் கும்மாளமும் கேட்டன.

"இன்னிக்கேவா?" என்றது அந்தக் குரல். "ரெண்டு மணிக்குள்ளயா? இருங்க, பிள்ளைங்களைக் கரையேத்திட்டு வர்றேன். தலை ஈரமா இருந்தா பரவாயில்லையா?"

"எப்படி வேணா வாங்கம்மா," என்றாள் டைரி. சொல்லும்போது அவள் குரல் உடைந்துபோயிற்று.

ஒன்றே காலுக்கு மெக்கானிக் வந்தார். கையெல்லாம் கிரீஸ். அவர் மனைவி சொன்னபடியே அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள், விட்டால் ஓடிவிடுவார் என்பதுபோல. ஒன்று ஐம்பதுக்கு ஈரத் தலையோடு நீச்சல்காரம்மா வந்தாள். இரண்டு கட்டில்களில் இரண்டு பேரும் படுத்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தன்னைப்போல இன்னொருவரை இருவருமே அதுவரை பார்த்ததில்லை.

சர்வரம்மா அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்கு வேலை பாக்கியிருந்தது. வரிசையில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் மாற்றங்கள் காத்துக்கொண்டிருந்தன, எல்லாம் அதே பூதாகார அட்டையின் மாற்றங்கள். கடைசியாக உள்ள ஒன்று போதும், முந்தையவை எல்லாம் வீண். அவற்றைக் கவனமாக விலக்கினாள். தடை நீங்கியதும் இன்டெக்ஸ் விறுவிறுவென்று நகர்ந்தது. மூன்று மணிக்கு ரத்த வகையைப் போட்டு வழக்கமான முறையில் தேடினாள். ஒன்பது பேர் வந்தார்கள். மாலைக்குள் ஒன்பதாயிரம் பேரையும் தனித்தனி அட்டைகளாகப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினாள்.

ஐந்தரைக்கு, பதிவகத் தலைவரும் அன்றைய அறுவை சிகிச்சையைச் செய்யப்போகிறவருமான பெரிய டாக்டரின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். தன் ஒற்றை வரிப் பதில், திறக்காத கடிதம், மூன்று வருடத்துக்கு முன் எடுத்த அந்த 'அப்போதைக்கு' முடிவு, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே அந்தத் தேடலுக்குத் தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுமா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்ல வைக்கறேன் சார். பட்டியல் பழசா இருந்தா டேட்டாபேஸ் ஒரு குறிப்பு அனுப்பும். அதை நான் கண்டுக்காம விட்டிருந்தேன். இனிமே திரையில சிவப்புல வரும். 'இந்த விடை முழுமையானதல்ல'ன்னு."

"நல்லது. உக்காருங்க. காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு அறுவை சிகிச்சைக்குக் கிளம்பினார். ஏழே முக்காலுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. தாய் நலம்.

வீட்டில் அவள் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கதையை முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு நன்றி சொன்னியா?"

"சொல்லலைங்க. வாய் வரல. மன்னிப்புக் கேக்கறதா நன்றி சொல்றதான்னே தெரியல."

"ரெண்டையும் சொல்லு. என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?"

மறுநாள் காலை அவள் தொலைபேசிப் பிரிவு திறக்கும் முன்பே போய், டைரியின் மேசையருகே காத்திருந்தாள். டைரி வந்து பையை வைப்பதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி வராது என்று பயம்.

"நீ ரெண்டு தடவை சொன்னே. நான் காதுலயே போட்டுக்கல. அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா என் ஆயுசுக்கும் நான் தூங்கியிருக்க மாட்டேன். நீ எழுதி வச்சதால அவங்க பிழைச்சாங்க, நானும் பிழைச்சேன். என்னை மன்னிச்சுக்கோ. ரொம்ப நன்றிம்மா."

டைரிக்கு முகம் சிவந்துவிட்டது. பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"நீங்க 'ஒழுங்கா வேலை செய்யுது'ன்னு பதில் போட்டதும், எனக்கு என் மேலதான்கா சந்தேகம் வந்துச்சு. நான்தான் தப்பாத் தட்டறேனோ, நான்தான் அவசரப்படறேனோன்னு. அதனாலதான் இதுக்குன்னு தனியா நேரம் போட்டு எழுத ஆரம்பிச்சேன். உங்களை மாட்டிவிடணும்னு இல்ல. நான் பைத்தியமான்னு தெரிஞ்சுக்கத்தான்."

சர்வரம்மா நினைத்துப் பார்த்தாள். தன் ஒரு வரி இந்தப் பெண்ணை எவ்வளவு தூரம் தன்னையே நம்பாமல் ஆக்கியிருக்கிறது! அப்படியும் இவள் வேலையை விடவில்லை. கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். சர்வரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

அன்று முதல் டைரியின் கடிதம் வந்தால், எந்த வேலையாக இருந்தாலும் அதைத்தான் முதலில் திறப்பாள். அவற்றில் பாதி அவளை வேலை வாங்கும். ஒரு தடவை, தேதியில் பூச்சியம் ஒன்று குறைவதை டைரி கண்டுபிடித்தாள். இன்னொரு தடவை, "ஒன்றுமில்லை அக்கா, நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தாள். அதற்கும் சர்வரம்மா பதில் போட்டாள்.

மெக்கானிக் ஒரு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். நன்றி சொல்ல வந்தாராம். கொடுத்தவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று டைரி கேட்டாள்.

"என்னை உயிர் போற அவசரத்துலதான்மா கூப்பிடுவாங்க, லிப்டுல மாட்டிக்கிட்டு. திறந்து விட்டதும் திட்டுவாங்க, ஏன் இவ்வளவு நேரம்னு. முதல் தடவையா ஒரு டாக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு," என்றார் அவர். மனைவி பெருமை தாங்காமல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மாதம் ஒன்று போனது. ஒரு பிற்பகல், சர்வரம்மா ஏதோ வேலையாகத் தொலைபேசிப் பிரிவுக்கு இறங்கி வந்தபோது வாசலில் ஒரு இளைஞன் தயங்கி நின்றுகொண்டிருந்தான். தோளில் துணி சுற்றிய குழந்தை. பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி, இன்னும் முகம் வெளுத்திருந்த அவன் மனைவி.

"ரத்தம் குடுத்தவங்க யாருன்னு சொல்லக் கூடாதாமே," என்றான் அவன். "சரி, விதின்னா விதிதான். ஆனா யார்கிட்டயாவது சொல்லாம வீட்டுக்குப் போக மனசு வரல. உங்ககிட்ட சொல்லலாமா?"

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சர்வரம்மா கூச்சத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்து அனுப்பியிருப்பாள். இப்போது அவள் அந்தப் பெண்ணை உட்காரவைத்தாள். குழந்தையின் விரல்களை ஒரு நிமிடம் பார்த்தாள். அவை எதையோ இறுகப் பற்றியிருப்பதுபோல மடங்கியிருந்தன.

"குடுத்தவங்க ரெண்டு பேருக்கும் நாங்க சொல்லிடறோம்பா. ஆனா அவங்களைக் கண்டுபிடிச்சது அதோ, ஜன்னல் ஓரத்துல இருக்கிற அந்தப் பொண்ணு. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

டைரி யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கோ எங்கோ ரத்தம் தேவைப்பட்டது. தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தாள், விஷயம் புரியாமல், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள்.

"அவசரமில்லைங்க," என்றான் அந்த இளைஞன் மெதுவாக. "அவங்க முடிச்சிட்டு வரட்டும்."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.